விளக்குமாறு பிடிக்கத்தான் ஃப்ளோரிடா போனேன்: டிஸ்னி காலேஜ் புரோகிராம் அனுபவம்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குப் போனாலும் சரி, யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் சரி, யாராவது ஒரு ஆன்ட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவார். "ஏம்மா, நீ டிஸ்னியில இருந்தியாமே, அது படிப்பா, வேலையா? எங்க பொண்ணு போயே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

வேலை, ஆன்ட்டி. மணிக்கணக்குக்குக் கூலி தரும் வேலை. பெயரில் காலேஜ் இருப்பதால் வகுப்பு, பரீட்சை, மார்க் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம்மவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஃப்ளோரிடாவில் ஒர்லாண்டோவை ஒட்டி இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பார்க்குகள், இரண்டு தண்ணீர் பார்க்குகள், ஏகப்பட்ட ஓட்டல்கள், எல்லாம் சேர்த்துச் சுமார் 25,000 ஏக்கர். வருஷம் முழுக்க ஆள் தேவைப்படும் இடம். அதனால் கல்லூரி மாணவர்களை ஒரு செமஸ்டர் அளவுக்கோ அதற்குக் கொஞ்சம் கூடவோ வேலைக்கு எடுத்து, தங்க இடமும் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பி நிறுத்தியதை 2021ல் மறுபடி தொடங்கினார்கள். நான் போனது 2022ன் ஃபால் என்கிற இலையுதிர் கால சீசனுக்கு. ஆகஸ்டில் போய், பொங்கல் கழிந்து வீடு திரும்பினேன்.

யார் சேரலாம் என்பதில்தான் நம் வீடுகளில் நிறைய மனவருத்தம். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், அமெரிக்கக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது சமீபத்தில் முடித்திருக்க வேண்டும். இதெல்லாம் பிரச்சினையே இல்லை. இந்த நாட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வேலை செய்யும் உரிமை வேண்டும் என்பதுதான் இடிக்கும். நான் மதுரையில் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, அத்தை ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் வட கரோலினா வந்தவள். அதனால் அந்த இடத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுக் கடந்தேன். என்னோடு ஹைஸ்கூல் படித்த தெலுங்குப் பெண்ணுக்கு அது முடியவில்லை. அப்பா எச்1பி என்கிற வேலை விசா, அவள் அதைச் சார்ந்த எச்4. நான்கு வயதிலிருந்து இங்கேதான் இருக்கிறாள், ஆங்கிலத்தில்தான் கனவே காண்பாள். ஆனால் எச்4ல் இருக்கும் பிள்ளைகள் ஒரு டாலர்கூடச் சம்பளமாக வாங்க முடியாது. எஃப்1 விசாவில் படிக்க வந்தவர்களுக்கும் வளாகத்துக்கு வெளியே வேலை என்றால் சிபிடி (படிக்கும்போதே பாடத்தின் பகுதியாகச் செய்யும் வேலை), ஓபிடி (படிப்பை ஒட்டிய தற்காலிக வேலை) என்று அனுமதி வேண்டும். சிபிடி கிடைக்க, செய்யப்போகும் வேலை படிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். படிப்பவர் பாப்கார்ன் விற்பதற்கு எந்த ஆலோசகரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆசையில் விண்ணப்பம் போடும் முன்பு, கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விசாவில் விளையாடக் கூடாது.

"அக்கா, நான் மதுரையிலேருந்தே அப்ளை பண்ணலாமா?" என்று சித்தி மகன் கேட்டான். இந்தப் புரோகிராமுக்கு முடியாது. வெளிநாட்டினருக்கு டிஸ்னி வேறு வழிகள் வைத்திருக்கிறது. எப்காட்டில் மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா என்று 11 நாடுகளுக்கு அரங்குகள் உண்டு. வெளிநாட்டு அரங்குகளுக்கு அந்தந்த நாட்டு இளைஞர்களையே தனி விசாவில் கொண்டுவந்து வேலைக்கு வைப்பது வழக்கம். அந்த வரிசையில் இந்தியா இல்லை. ஆகவே, டிஸ்னியில் வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்று ஊரில் யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடு என்று அவனுக்குச் சொன்னேன்.

சரி, உரிமை இருக்கிறது, விண்ணப்பிக்கலாம். வசந்த காலத்துக்கான விண்ணப்பம் முந்தைய கோடையின் கடைசியிலும், ஃபால் சீசனுக்கானது குளிர்காலத்திலும் திறப்பது பொதுவான வழக்கம். திறந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். இடம் நிரம்பிய வேலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவார்கள். விண்ணப்பத்துக்கு அடுத்து கணினியில் ஒரு கேள்வித்தாள். 'கூட்டத்தில் நிற்பது எனக்குப் பிடிக்கும்', 'விதி முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் பின்பற்றுவேன்' என்கிற மாதிரி வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொள்கிறீர்களா என்று வேகமாக அழுத்தவேண்டும். இதில் நம் பிள்ளைகள் அடி வாங்குவது, எல்லாவற்றுக்கும் 'ஓரளவு' என்று நடுவில் நின்றுகொள்வதால். அடக்கமாகப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் இல்லையா! அங்கே அது எடுபடாது. ஆம் என்றால் பளிச்சென்று ஆம். அதைத் தாண்டினால் நேர்காணல். சிறுவயதில் எந்த டிஸ்னி படம் பார்த்தாய் என்பதற்கு ஒரு வரி போதும். கோபமாக வந்த வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தாய், ஒரே வேலையை எட்டு மணி நேரம் செய்திருக்கிறாயா என்பதற்குத்தான் சொந்தக் கதை தயாராக இருக்க வேண்டும். கோயில் அன்னதானத்தில் பந்தி பரிமாறிய கதையை நான் சொன்னேன். நன்றாகவே எடுபட்டது.

விண்ணப்பத்தில் இருக்கும் வேலைப் பட்டியல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ரைடுகளை இயக்குவது, கடையில் விற்பது, துரித உணவுக் கவுன்டர், ஓட்டல் அறை சுத்தம், நீச்சல் குளத்தில் லைஃப்கார்ட், ஓட்டல் வரவேற்பு, போட்டோ எடுப்பது, மிக்கி போன்ற கதாபாத்திரங்களுக்குத் துணையாக நிற்பது, கஸ்டோடியல் என்கிற துப்புரவு என்று நீளமாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் உனக்கு எவ்வளவு விருப்பம் என்று குறிக்க வேண்டும். எந்த பார்க் என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. ஆஃபர் கடிதத்தில் வேலை மட்டும் இருக்கும், இடம் பிறகுதான் தெரியும். ஆகவே 'மேஜிக் கிங்டம் கிடைக்குமா' என்று கவலைப்படுவதை விட்டுவிட்டு, அத்தனை மாதமும் தினசரி எந்த வேலையைச் செய்தால் வெறுத்துப் போகாது என்று யோசியுங்கள்.

நான் கஸ்டோடியலுக்கு அதிக விருப்பம் என்று போட்டேன். அக்கறையாகத் தேடிப் படித்ததில், கவுன்டருக்குப் பின்னால் அடைந்து கிடக்காமல் நாள் முழுக்க நடக்கலாம், எல்லோரோடும் பேசலாம் என்று தெரிந்தது. அதுதான் கிடைத்தது. வீட்டில் சொன்னபோது அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அம்மா மட்டும், "விளக்குமாறு பிடிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள். அத்தையிடம் கஸ்டமர் சர்வீஸ் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவர்களுக்குள் முடிவாயிற்று. இன்று வரை மதுரையில் பெரியம்மாவுக்கு நான் செய்தது கஸ்டமர் சர்வீஸ்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நம் வீடுகளில் துடைப்பத்தின் மேல் இருக்கும் அருவருப்பு துடைப்பத்தைப் பற்றியது மட்டும் இல்லை. அதை யார் தொட வேண்டும், யார் தொடக் கூடாது என்று ஊரில் காலங்காலமாகப் பிரித்து வைத்ததன் மிச்சம். விமானம் ஏறினாலும் அது பெட்டியோடு கூடவே வந்துவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைகள் பலர் பட்டியலில் கஸ்டோடியலுக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் 'விருப்பமில்லை' என்று அடித்துவிட்டு, எல்லாரும் கேட்கும் வேலைகளை மட்டும் குறிக்கிறார்கள். பிறகு இடமே கிடைக்கவில்லை என்று வருந்துகிறார்கள். அதைத் திறந்து வைத்தாலே வாய்ப்பு கூடும் என்பது ஒரு பக்கம். செய்வதற்கும் அது நல்ல வேலை என்பது இன்னொரு பக்கம்.

எனக்கு மேஜிக் கிங்டத்தில் போட்டார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கையில் நீளக் காம்பு வைத்த சின்னத் துடைப்பம், மறு கையில் அதே உயரக் கைப்பிடி வைத்த முறம் போன்ற தட்டு. குனியவே வேண்டியதில்லை. மணிக்கட்டை லேசாக வெட்டினால் பாப்கார்ன் தானே தட்டில் ஏறும். முதல் வாரம் தட்டைத் தாண்டி யாராவது காலில் போய் விழும். பாப்கார்னைவிடக் கொடுமை மினுமினுப்புத் தூள். கான்க்ரீட் இடுக்கில் புகுந்துகொண்டு வரவே வராது. யாராவது வாந்தி எடுத்தால் அதற்கு 'புரோட்டீன் ஸ்பில்' என்று நாகரிகமான பெயர். மேலே பொடியைத் தூவி, அது ஈரத்தை இழுத்துக் கெட்டியாகும்வரை கூட்டத்தைச் சுற்றிப் போகச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும், பிறகு கூட்டி அள்ளலாம். ஆகஸ்ட் வெயிலில் ஐஸ்கிரீமும் சுழலும் ரைடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டாம்.

பார்க்கில் அதிகமாக வழி கேட்கப்படுவது துப்புரவு ஆட்களிடம்தான். கையில் மேப் இருந்தாலும், வெள்ளை உடுப்பைப் பார்த்தால் நேரே வருவார்கள். பாத்ரூம் எங்கே, குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் எங்கே, தொப்பி தொலைந்தால் யாரைக் கேட்பது. வழி காட்டும்போது ஒற்றை விரலை நீட்டக் கூடாது, இரண்டு விரல் சேர்த்தோ முழுக் கையாலோ காட்ட வேண்டும் என்பது பயிற்சியில் முதலிலேயே வந்துவிடும். இன்னொன்று, 'மூணு மணி பரேடு எத்தனை மணிக்கு?' என்று கேட்பார்கள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர்வலம் இந்த மூலைக்கு வந்து சேர எத்தனை மணியாகும், வண்டியில் தூங்கும் குழந்தையை எப்போது எழுப்பலாம் என்பதுதான் அவர்கள் கேட்க வருவது. நம்மூரில் சாமி புறப்பாடு ஆறு மணிக்கு என்றால் நம் தெருவுக்கு எப்போது வரும் என்று கேட்க மாட்டோமா!

கூட்டம் குறைந்த நேரத்தில் துடைப்பத்தைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் மிக்கி முகம் வரைவது துப்புரவுக்காரர்களின் பழைய வித்தை. எனக்கு மிக்கி சரியாக வரவில்லை, காதெல்லாம் கோணலாகப் போயிற்று. அதனால் நேர்ப்புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட ஆரம்பித்தேன். துடைப்ப நுனியில் கம்பி மாதிரி இழுக்க முடியாது, பட்டையாகத்தான் வரும். வெயிலுக்கு முன்னால் முடிக்க வேகமாக இழுக்க வேண்டும். கடைசிச் சுழி போடுவதற்குள் முதல் புள்ளி காய்ந்துவிடும். ஒருநாள் சேலை கட்டிய ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "தமிழாம்மா நீ?" என்றார். ஆமாம் என்றேன். சந்தோஷப்பட்டார். அப்புறம் கையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "படிக்கிற பிள்ளையாட்டம் இருக்கே. வீட்ல ஏதும் கஷ்டமா கண்ணு?" ஒன்றும் இல்லை ஆன்ட்டி, காலேஜ் புரோகிராம் என்று விளக்கினேன். நம்பின மாதிரி தெரியவில்லை. போகும்போது கைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

கூலி விவகாரத்துக்கு வருவோம். நான் இருந்த காலத்தில் குறைந்தபட்சம் மணிக்கு 15 டாலர். 2023ல் தொழிற்சங்கங்களோடு போட்ட ஒப்பந்தத்தில் அது அந்த ஆண்டு முடிவதற்குள் 18 என்று உயர்ந்தது. வாரத்துக்கு முப்பதிலிருந்து நாற்பது மணி நேரம் வேலை இருக்கும், பண்டிகைக் காலத்தில் அதற்கு மேலும் போகும். என் கணக்கையே சொல்கிறேன். 37 மணி என்றால் 555 டாலர். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்கிற ஓய்வூதிய, முதியோர் மருத்துவ வரிகளுக்கு 7.65 சதவீதம், மத்திய வருமான வரிப் பிடித்தம் கொஞ்சம். வாடகை வாரத்துக்கு 200 டாலரை ஒட்டி, அதுவும் சம்பளத்திலேயே கழிந்துவிடும். கைக்கு வருவது 270, 280. அதில் சாப்பாடு, போன், நாலு பேரோடு வெளியே போகும் செலவு. பணம் சேர்க்கப் போகிறேன் என்றால் இது இடம் இல்லை. கையைக் கடிக்காமல் ஒரு அரை வருஷம் வெளியே வாழ்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஜனவரி பிற்பகுதியில் கூட்டம் குறைந்து வேலை நேரமும் குறையும். வாடகை குறையாது. டிசம்பர் ஓவர்டைம் பணத்தை அதற்கென்று ஒதுக்கி வைத்தால் நிம்மதி.

ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. உடனே வரியே இல்லை என்று துள்ளாதீர்கள். நிரந்தர முகவரி வட கரோலினா போல வரி போடும் மாநிலத்தில் இருந்தால், ஃப்ளோரிடாவில் சம்பாதித்ததையும் அங்கே காட்ட வேண்டும். அங்கே சம்பளத்தில் பிடிக்காததால் ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட நேரிடும். டெக்சாஸ் பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இதைவிடப் பெரிய தலைவலி படிப்புக் கடன். இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள், அதனால் நிறுத்தி வாசியுங்கள். மத்திய அரசுக் கடன் வாங்கிப் படிப்பவர் அரை நேரப் படிப்புக்கும் கீழே இறங்கினால், ஆறு மாத அவகாசம் ஓட ஆரம்பிக்கும். ஃபால் சீசனுக்குப் போகிறவர் ஆகஸ்டிலிருந்து எண்ணக் கூடாது. கடைசியாக வகுப்பில் இருந்த மே மாதத்திலிருந்தே எண்ண வேண்டும். அப்படியானால் நவம்பரில் அவகாசம் முடிந்து, பிள்ளை மேஜிக் கிங்டத்தின் மெயின் ஸ்ட்ரீட்டில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் கூட்டிக்கொண்டிருக்கும்போது தவணைக் கடிதம் வீட்டுக்கு வரும். என் காலத்தில் கொரோனாவுக்காகத் தவணைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள், அது 2023ல் முடிந்துவிட்டது. வழி என்னவென்றால், கல்லூரியில் இன்டர்ன்ஷிப் பாடமாகப் பதிந்துகொள்ள முடியுமா என்று கேட்பது, அல்லது அரை நேரத்துக்குத் தேவையான கிரெடிட்டுகளை ஆன்லைனில் எடுப்பது. பெரும்பாலான இடங்களில் அது ஆறு கிரெடிட். இந்த வேலைக்குக் கிரெடிட் தருவதா இல்லையா என்பதும் முழுக்கக் கல்லூரியின் கையில்தான். பேராசிரியர் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள். ஸ்காலர்ஷிப் இருந்தால், ஒரு செமஸ்டர் இடைவெளி விட்டால் அது போய்விடுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கு, 26 வயது வரை அப்பா அம்மாவின் பாலிசியில் இருக்கலாம். ஆனால் அந்தப் பாலிசி ஃப்ளோரிடா டாக்டரை ஏற்குமா? சில பாலிசிகள் சொந்த மாநிலத்துக்கு வெளியே அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் பணம் தரும். ஈரத்தரையில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்குப் பாதத்திலும் முதுகிலும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

தங்குவதற்கு ஃபிளமிங்கோ கிராசிங்ஸ் வில்லேஜ் என்ற அடுக்ககம், டிஸ்னி நிலத்தின் மேற்கு வாசலை ஒட்டி. மேசை, கட்டில், சமையலறை எல்லாம் இருக்கும். எத்தனை பேரோடு அறையைப் பகிர்கிறோம் என்பதைப் பொறுத்து வாடகை மாறும். தனி அறைக்கு வசதி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒருத்திக்கு விடிகாலை ஐந்து மணிக்கு ஷிஃப்ட், இன்னொருத்தி ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்புவாள். ஒரே அறையில் இரண்டு பேருக்கும் தூக்கம் போகும். சமையல் வாசனை பற்றி முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது. நான் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுவிடுவேன். ஒஹையோவிலிருந்து வந்த அறைத்தோழி கொஞ்ச நாளில் ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்க ஆரம்பித்தாள், அதனால் பிரச்சினை வரவில்லை. எதிரிலேயே டார்கெட் கடை இருக்கிறது, பாலுக்கும் தயிருக்கும் கவலை இல்லை. புளி, பெருங்காயம், சாம்பார் பொடி வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒர்லாண்டோவில் இந்தியக் கடைகள் உண்டு, கார் இல்லாமல் போய்வருவதற்குள் விடுமுறை நாள் முடிந்துவிடும்.

கார் கட்டாயமா? இல்லை. வேலைக்குப் போய்வர இலவச பஸ் ஓடுகிறது. ஆனால் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதையும் வேலை நேரமாகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு பார்க் மூடினால் கூட்டம் வெளியேறவே நேரம் பிடிக்கும். அதற்கப்புறம் தெருவைக் கூட்டி, குப்பைத்தொட்டி மாற்றி, உடுப்பைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறும்போது ஒன்றரை ஆகிவிடும். பெண் பிள்ளையை அனுப்பும் வீட்டில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். குடியிருப்பு வாசலில் காவல் உண்டு, பஸ்ஸில் முழுக்க நம்மைப் போன்ற வேலைக்காரப் பிள்ளைகள்தான். நான் பயந்ததில்லை. அம்மா மட்டும் நான் அறைக்கு வந்து குறுஞ்செய்தி போடும்வரை தூங்கியதில்லை.

ஃப்ளோரிடா கோடையில் மதியம் மூன்று, நாலு மணிக்கு இடியும் மழையும் அலாரம் வைத்த மாதிரி வரும். மின்னல் பக்கத்தில் என்றால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், வரிசையில் நின்ற அத்தனை பேரும் கடைகளுக்குள் பாய்வார்கள். அந்த நேரத்தில் வாசல்தோறும் தண்ணீர் தள்ளுவது எங்கள் வேலை. சூறாவளி வந்தால் கதையே வேறு. 2022 செப்டம்பரில் ஐயன் புயலுக்காக 28, 29 இரண்டு நாளும் பார்க்குகளை மூடினார்கள். சில ஊழியர்கள் 'ரைட் அவுட்' குழுவாக உள்ளேயே தங்கி, ஓட்டல் விருந்தினர்களைக் கவனிப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் அடுக்ககத்திலேயே இருந்தோம். அம்மா போனில் "குடத்துல தண்ணி புடிச்சு வெச்சியா?" என்றாள். அமெரிக்காவில் குடத்துக்கு எங்கே போவது! குக்கர், பால் கேன், பூ ஜாடி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோம். எங்கள் பக்கம் பெரிய சேதம் இல்லை. அந்த இரண்டு நாளில் நாலு மாநிலத்துப் பெண்கள் சேர்ந்து எலுமிச்சை சாதமும் பான்கேக்கும் தின்று தீர்த்தோம்.

விதிகள் ஏராளம், இரண்டை மட்டும் எச்சரிக்கிறேன். ஒன்று, மேடைக்குப் பின்புறம் என்று அவர்கள் சொல்லும், விருந்தினர் வராத இடங்களில் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது. மேஜிக் கிங்டத்துக்குக் கீழே நீளமான சுரங்கப் பாதைகள் இருக்கின்றன, உடுப்போடு அதில் நடக்கும்போது போனை எடுக்கக் கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள், வேலை போகும். இரண்டு, தாமதமும் சொல்லாமல் லீவு போடுவதும். எல்லாம் பதிவாகிக்கொண்டே வரும், ஒரு எல்லைக்கு மேல் போனால் அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் வீடும் அதோடு போயிற்று. மூட்டை கட்டக் கொஞ்சம்தான் நேரம் தருவார்கள். ஊருக்குத் திரும்ப விமான டிக்கெட் போடும் அளவு பணத்தை எப்போதும் வங்கியில் தொடாமல் வைத்திருங்கள்.

பையன்கள் மீசையைப் பற்றிக் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம், வெட்டி ஒழுங்காக இருந்தால் போதும். 2000ஆம் ஆண்டு வரை அங்கே ஊழியர்களுக்கு மீசைக்கே அனுமதி இல்லை, தாடிக்கு 2012ல்தான் சரி என்றார்கள். நம் அப்பாக்கள் தலைமுறையில் யாரும் போயிருக்க மாட்டார்கள் என்பதற்கு விசா தவிர இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இலவசமாக பார்க்குக்குள் போகலாமா என்பது பிள்ளைகளின் முதல் கேள்வி. போகலாம். விடுமுறை நாளில் நினைத்தபோது போய், ஒரு ரைடு ஏறிவிட்டு அறைக்குத் திரும்பிவிடும் சுகம் தனி. பொருட்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. ஆனால் அப்பா அம்மாவைச் சலுகையில் அழைத்துப்போக நினைத்தால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் அது செல்லாது. டிசம்பர் முதல் பாதியில் வரச் சொல்லுங்கள், அலங்காரமும் இருக்கும், கூட்டமும் தாங்கும். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. எனக்கு மதிய ஷிஃப்ட். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வீடியோவில் அம்மாவிடம் காட்டிவிட்டு பஸ் ஏறினேன். பண்டிகைக்கு லீவு வேண்டும் என்பவர்கள், எந்த நாளிலும் வேலைக்கு வரச் சம்மதம் என்று விண்ணப்பத்தில் குறித்திருப்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வேலை கிடைக்க இது உதவுமா? தானாக உதவாது. ரெசியூமில் டிஸ்னி என்ற பெயர் கண்ணில் படும், அடுத்து 'அங்கே என்ன செய்தாய்' என்பார்கள். எனக்கு வந்த நேர்காணல்களில் வாந்தியைச் சுற்றிக் கூட்டத்தைத் திருப்பிவிட்ட கதைக்குத்தான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கேயே மேலே போக நினைப்பவர்களுக்கு, படிப்பை ஒட்டிய தனி இன்டர்ன்ஷிப்புகளும் இருக்கின்றன. அந்தப் பிரிவில் வேலை செய்பவர்களை நேரில் சந்திக்க மேலாளரிடம் கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். முதல் மாதத்திலேயே கேளுங்கள், டிசம்பரில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

ஷூவைப் பற்றி மட்டும் மிச்சம். உடுப்பு அவர்களே தருவார்கள், துவைத்தும் கொடுப்பார்கள். ஷூ நம் செலவு. எந்த நிறம் என்று வேலை உறுதியானதும் சொல்வார்கள், அதற்கு முன் வாங்காதீர்கள். வழுக்காத அடிப்பாகம் உள்ளதாக, சாதாரண அளவைவிட அரை அளவு பெரியதாக, இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று மழையில் நனைந்தால் மறுநாளைக்குள் காயாது.